ஒன்று, எட்டு, பன்னிரண்டு, பதினாறு: இரு ஹென்றிகளும் சிலிண்டர்களின் கணக்கும்

1932ஆம் ஆண்டு மார்ச் 26 அன்று, டெட்ராய்ட் நகரில், ஹென்றி லேலண்டு தமது 89ஆம் வயதில் மறைந்தார். ஐந்து நாள் கழித்து, மார்ச் 31 அன்று, அதே நகரத்தின் இன்னொரு ஹென்றியான ஹென்றி ஃபோர்டு, தமது புதிய காரை அறிவித்தார். ஆங்கில ‘வி’ எழுத்தின் வடிவில், பக்கத்துக்கு நான்காக எட்டு சிலிண்டர்கள் சாய்ந்து நின்ற எஞ்சின் அதில் இருந்தது. விலை 460 டாலரில் தொடங்கியது. பெரும்பாலும் செல்வர்களின் வாகனங்களில் மட்டும் காணப்பட்ட வி-8, அன்றுமுதல் பண்ணைக்காரரும் கடைக்காரரும் வாங்கக்கூடிய பொருளாயிற்று.

அந்த வகை எஞ்சினைப் பேரளவில் உற்பத்தி செய்ய முடியும் என்று முதலில் நிறுவியவர், ஐந்து நாள் முன்பு மறைந்த லேலண்டுதான்.

இவ்விரு ஹென்றிகளின் பாதைகளும் முப்பது ஆண்டுகளில் மூன்று முறை குறுக்கிட்டன: 1902இல், 1922இல், 1932இல். அமெரிக்கச் சொகுசுக் கார்களின் எஞ்சின் வரலாற்றை அந்த மூன்று ஆண்டுகளைக் கொண்டே சொல்லிவிடலாம். ஓர் எண் எவ்வாறு தரத்தின் விளைவாகப் பிறந்து, தரத்தின் அடையாளமாக வளர்ந்து, இறுதியில் தரத்தின் இடத்தையே பிடித்துக்கொண்டது என்பதே அந்த வரலாறு.

*

லேலண்டு 1843இல் வெர்மான்ட் மாநிலத்தில் பிறந்தவர். உள்நாட்டுப் போர்க் காலத்தில் ஆயுதத் தொழிற்கூடத்தில் உழைத்தார். பின்னர், அளவைக் கருவிகளுக்கும் கடைசல் இயந்திரங்களுக்கும் பேர்பெற்ற பிரவுன் அண்டு ஷார்ப் நிறுவனத்தில் தொழில் பயின்றார். துப்பாக்கி உற்பத்தி அவர் காலத்து அமெரிக்கத் தொழிலாளிக்கு ஒரு பாடத்தைக் கற்றுத் தந்திருந்தது: ஒரு துப்பாக்கியின் உதிரி இன்னொரு துப்பாக்கியில் அப்படியே பொருந்த வேண்டும். அரத்தால் தேய்த்துப் பொருத்துவது கைத்திறனாக இருக்கலாம், துல்லியம் ஆகாது. இந்தப் பாடத்தை அவர் ஏறத்தாழ ஒரு சமயக் கட்டளையாகவே ஏற்றுக்கொண்டார்.

1902இல் ஹென்றி ஃபோர்டு தம் முதலீட்டாளர்களுடன் பிணங்கி, தம் பெயரிலேயே அமைந்த நிறுவனத்தை விட்டு வெளியேறினார். எஞ்சிய சொத்துகளை விற்றுவிட எண்ணிய முதலீட்டாளர்கள், மதிப்பிட்டுத் தருமாறு லேலண்டை அழைத்தனர். அவர் மதிப்பீட்டோடு ஓர் எஞ்சினையும் கொண்டுசென்றார். அது முன்னதாக ஓல்ட்ஸ் நிறுவனத்துக்காக அவர் மேம்படுத்தி, அவர்கள் ஏற்காமல் விட்ட ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின். நிறுவனத்தை மூட வேண்டாம், இந்த எஞ்சினைக் கொண்டு கார் செய்யலாம் என்பது அவரது யோசனை. டெட்ராய்ட்டை 1701இல் நிறுவிய பிரெஞ்சுக்காரரின் பெயர் அந்தப் புதிய முயற்சிக்குச் சூட்டப்பட்டது. காடிலாக் பிறந்தது இவ்வாறுதான். பிற்காலத்தில் 16 சிலிண்டருக்குப் பெயர்போன நிறுவனத்தின் தொடக்கம் ஒரே ஒரு சிலிண்டர்.

அந்த ஒற்றைச் சிலிண்டர்தான் நிறுவனத்துக்கு உலகப் புகழையும் தேடித் தந்தது. 1908இல் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் ஓடுதளத்தில் மூன்று காடிலாக் கார்கள் முற்றிலும் பிரிக்கப்பட்டன. 2,000க்கும் மேற்பட்ட உதிரிகள் ஒரே குவியலாகக் கலக்கப்பட்டன. அவற்றில் 89 உதிரிகள் அகற்றப்பட்டு, விற்பனைக் கிடங்கிலிருந்து எடுத்த வேறு உதிரிகள் வைக்கப்பட்டன. அரம் தொடக் கூடாது. திருகுளியும் ஸ்பேனரும் போன்ற எளிய கருவிகளே அனுமதி. அவ்வாறு மீண்டும் பூட்டப்பட்ட மூன்று கார்களும் 500 மைல் ஓடிக் காட்டின. பிரிட்டனின் ராயல் ஆட்டோமொபைல் கிளப் டியூவர் கோப்பையை அந்நிறுவனத்துக்கு வழங்கியது. ‘உலகத்தின் தரநிலை’ என்று காடிலாக் தன்னைச் சொல்லிக்கொள்ளத் தொடங்கியதன் அடிப்படை இந்தச் சோதனை. அந்தக் குவியலில் இருந்த எஞ்சின்களின் சிலிண்டர்களை எண்ணினால் மொத்தம் மூன்றுதான் தேறும்.

*

அப்படியானால் சிலிண்டர்களின் எண்ணிக்கை ஏன் பெருகியது? வீண் பகட்டு என்று விடை சொல்லிவிடுவது எளிது. தொடக்கத்தில் அது பகட்டு அன்று.

நான்கு வீச்சு எஞ்சினில், கிராங்க் தண்டு இருமுறை முழுமையாகச் சுழலும் காலத்தில் ஒரு சிலிண்டர் ஒரே ஒரு முறைதான் உந்துகிறது. மற்ற நேரத்தில் அது கலவையை உள்ளிழுக்கிறது, அழுத்துகிறது, புகையை வெளியேற்றுகிறது. உரலில் ஒருவர் தனியே நெல் குத்தினால் ஒவ்வோர் இடிக்கும் இடையே ஓர் இடைவெளி காதில் விழும். இருவர் மாறிமாறி உலக்கை போட்டால் அது பாதியாகும். நால்வர் சேர்ந்தால் இடிகள் ஒரே ஓசையாகத் தொடரும். எஞ்சினிலும் அவ்வாறே. இரு சுழற்சி என்பது 720 பாகை. நான்கு சிலிண்டர் இருந்தால் 180 பாகைக்கு ஓர் உந்து; ஆறு இருந்தால் 120; எட்டு இருந்தால் 90; பன்னிரண்டு இருந்தால் 60; பதினாறு இருந்தால் 45. ஓர் உந்து அடங்குமுன் அடுத்தது வந்துவிட்டால், பயணிக்கு உந்துகள் தெரிவதில்லை. ஓட்டம் மட்டுமே தெரிகிறது.

அக்காலத்தில் இதற்கு ஒரு நடைமுறைப் பயன் இருந்தது. பற்சக்கரங்களைச் சத்தமின்றி மாற்றுவது கடினமான கலை. எஞ்சின் மென்மையாக இழுத்தால், ஆள் நடக்கும் வேகத்திலிருந்து நெடுஞ்சாலை வேகம்வரை மேல் கியரிலேயே செல்லலாம். கியர் மாற்றத் தேவையில்லாத கார் என்பதே அன்றைய சொகுசின் இலக்கணங்களுள் ஒன்று.

இன்னொரு தடையும் நீங்க வேண்டியிருந்தது. பெரிய எஞ்சினைக் கைப்பிடி கொண்டு சுழற்றித் தொடக்குவது கடினம். எதிர்த்துச் சுழன்றால் கையெலும்பு முறியும். சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் தொடக்கியை 1912ஆம் ஆண்டுக் கார்களில் காடிலாக் பொருத்தியது. அதன்பின் எஞ்சினின் பருமனுக்கு ஓட்டுநரின் தோள்வலிமை எல்லையாக இருக்கவில்லை.

1914 செப்டம்பரில் லேலண்டு தமது வி-8 எஞ்சினை வெளியிட்டார். அதை வடிவமைத்தவர் ஸ்காட்லாந்துப் பொறியாளர் மெக்கால் வைட். கொள்ளளவு 5.1 லிட்டர், ஆற்றல் 70 குதிரைத்திறன். பிரான்சின் டி டியோன்-பூட்டோன் நிறுவனம் முன்னரே வி-8 கார்களைச் செய்திருந்தது. ஆயினும் ஆயிரக்கணக்கில் செய்து, ஒவ்வொன்றும் மற்றொன்றைப் போலவே இயங்கும்படி விற்றது காடிலாக்தான். 1908இன் துல்லியம் இல்லாமல் 1914இன் எட்டு சாத்தியப்பட்டிருக்காது. எண் பிறந்தது அளவுகோலிலிருந்து. எண்ணுக்காக எண் தேடப்படவில்லை.

போட்டியாளர்கள் குறைகாணத் தொடங்கினர். அதற்கு மறுமொழியாக 1915 ஜனவரியில் ‘தலைமையின் தண்டனை’ என்னும் பொருள்பட்ட தலைப்பில் காடிலாக் ஒரு விளம்பரம் வெளியிட்டது. முன்னே நிற்பவர்மேல்தான் கல் விழும் என்பது அதன் கருத்து. காரைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை. விளம்பரத் துறையில் இன்றும் அது பாடமாகச் சொல்லப்படுகிறது.

*

பேக்கார்டின் உண்மையான பதில் சில மாதங்களில் வந்தது. 1915இல் தலைமைப் பொறியாளர் ஜெஸ்ஸி வின்சென்ட் வடிவமைத்த ‘ட்வின் சிக்ஸ்’ என்னும் 12 சிலிண்டர் எஞ்சினை அந்நிறுவனம் வெளியிட்டது. இரட்டை ஆறு என்ற அந்தப் பெயரிலேயே அதன் பொறியியல் அடங்கியிருக்கிறது.

சிலிண்டரின் உச்சியிலும் அடியிலும் பிஸ்டன் நின்று திரும்புகிறது. அந்தத் திரும்பல் ஒவ்வொன்றும் எஞ்சினை உலுக்குகிறது. நான்கு சிலிண்டர் வரிசையில், இரண்டு மேலேறும்போது இரண்டு கீழிறங்குவதால் முதன்மை அதிர்வு ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். ஆனால், இணைப்புத் தண்டின் சாய்வு காரணமாக, பிஸ்டன் மேற்பாதியில் வேகமாகவும் கீழ்ப்பாதியில் மெதுவாகவும் நகர்கிறது. இதனால் ஒரு சுழற்சிக்கு இருமுறை எழும் இரண்டாம் நிலை அதிர்வு ஈடாகாமல் எஞ்சுகிறது. 1914ஆம் ஆண்டின் வி-8 உண்மையில் இரு நான்குகளின் சேர்க்கை. இரு வரிசைகளும் 90 பாகையில் சாய்ந்திருந்ததால், எஞ்சிய அதிர்வு எஞ்சினைப் பக்கவாட்டில் உலுக்கியது. ஆறு சிலிண்டர் வரிசையோ இரு நிலைகளிலும் தன்னைத்தானே சமன்செய்துகொள்ளும் இயல்புடையது. ஆகவே, இரண்டு ஆறுகளைச் சேர்த்தால் கிடைக்கும் பன்னிரண்டும் சமநிலை கொண்டது. பன்னிரண்டு எட்டைவிடப் பெரிய எண் என்பதற்காகச் சிறந்ததன்று. அதற்குள் இரண்டு ஆறுகள் இருந்தன என்பதற்காகச் சிறந்தது.

ட்வின் சிக்ஸ் 35,000க்கும் மேல் விற்றது. 1921இல் வாரன் ஹார்டிங் குடியரசுத் தலைவராகப் பதவியேற்கச் சென்றது அந்தக் காரில்தான். குதிரை வண்டியை விடுத்துக் காரில் பதவியேற்புக்குச் சென்ற முதல் அமெரிக்கத் தலைவர் அவர்.

இதற்கிடையே போர் வந்தது. விமான எஞ்சின் தயாரிப்பது குறித்து ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் வில்லியம் டியூராண்டுடன் முரண்பட்ட லேலண்டு, 1917இல் காடிலாக்கை விட்டு விலகினார். அப்போது வயது 74. மகன் வில்ஃப்ரெடுடன் சேர்ந்து புதிய நிறுவனம் தொடங்கினார். இளமையில் தாம் வாக்களித்த ஆபிரகாம் லிங்கனின் பெயரை அதற்குச் சூட்டினார். அங்கே 6,000க்கும் மேற்பட்ட ‘லிபர்ட்டி’ விமான எஞ்சின்கள் உருவாயின. 12 சிலிண்டரும் 27 லிட்டர் கொள்ளளவும் கொண்ட அந்த எஞ்சினை வடிவமைத்த இருவருள் ஒருவர் பேக்கார்டின் வின்சென்ட் என்பது வரலாற்றின் விளையாட்டு.

போர் முடிந்ததும் லிங்கன் கார் தொழிற்சாலையாயிற்று. 1920இல் வந்த அதன் எஞ்சின் மீண்டும் எட்டு சிலிண்டர்தான். ஆனால் வரிசைகளுக்கு இடையிலான கோணம் 90 பாகைக்குப் பதில் 60. உந்துகளின் சீரான இடைவெளியைக் கலைத்தால் அதிர்வுகள் ஒன்றோடொன்று சேர்ந்து வலுப்பெறாது என்பது எண்ணம். பன்னிரண்டு செய்து பழகிய கைகள், காருக்கு எட்டைத் தேர்ந்து, அதையும் வேறு கோணத்தில் சிந்தித்தன. சிக்கலுக்கு விடை தேடியவருக்கு எண்ணை உயர்த்துவது பல வழிகளில் ஒன்று மட்டுமே.

எஞ்சின் உயர்தரம்; உடற்பகுதியின் தோற்றம் பழமை; நாட்டிலோ பொருளாதார மந்தம். கடனும் வரிக் கோரிக்கையும் நெருக்கின. 1922 பிப்ரவரியில் லிங்கன் ஏலத்துக்கு வந்தது. 80 இலட்சம் டாலருக்கு வாங்கியவர் ஹென்றி ஃபோர்டு. நிருவாகம் தம்மிடமே இருக்கும் என்று நம்பியிருந்த தந்தையும் மகனும் சில மாதங்களிலேயே வெளியேற நேர்ந்தது. ஃபோர்டு விட்டுச்சென்ற நிறுவனத்திலிருந்து லேலண்டு காடிலாக்கை எழுப்பிச் சரியாக இருபது ஆண்டு ஆகியிருந்தது. இப்போது லேலண்டு எழுப்பியது ஃபோர்டின் கைக்குப் போயிற்று.

*

1923இல் இரு நிறுவனங்கள் எதிரெதிர்த் திசைகளில் நடந்தன. காடிலாக், எட்டை விடாமல் அதன் குறையைத் தீர்த்தது: கிராங்க் தண்டின் வளைவுகள் ஒரே தளத்தில் அமையாமல், ஒன்றுக்கொன்று 90 பாகையில், குறுக்காக அமைக்கப்பட்டன; எதிரெடைகள் சேர்க்கப்பட்டன. பக்கவாட்டு உலுக்கல் மறைந்தது. பீர்லஸ் நிறுவனமும் ஏறத்தாழ அதே காலத்தில் இதே விடையை அடைந்தது. இன்றைய அமெரிக்க வி-8களின் தனித்த உறுமலுக்குக் காரணம் பெரும்பாலும் அந்தக் குறுக்குத் தண்டுதான்.

பேக்கார்டோ பன்னிரண்டைக் கைவிட்டு, எட்டு சிலிண்டர்களையும் ஒரே நேர்வரிசையில் நிறுத்தியது. ஒரே வார்ப்பு, ஒரே மூடி, செய்வதற்கு எளிமை. நீண்ட எஞ்சினுக்கு நீண்ட பானெட் தேவை. நீண்ட பானெட் பார்வைக்குக் கம்பீரம். ஆனால் நீளத்துக்கும் விலை உண்டு. நீண்ட தண்டு, ஈரத்துணியைப் பிழிவதுபோல், உந்துக்கு உந்து முறுக்கிக்கொள்ளும். அதைத் தாங்க ஒன்பது பேரிங்குகள் அமைத்தது பேக்கார்டு.

நேர்வரிசை எட்டின் உச்சம் டூசன்பெர்க். ஜெர்மனியில் பிறந்து அயோவாவில் வளர்ந்த ஃபிரெட் டூசன்பெர்க்கும் தம்பி ஆகஸ்டும் பந்தயக் கார்களில் பயின்றவர்கள். 1928 டிசம்பரில் நியூயார்க் கண்காட்சியில் வந்த ‘ஜே’ மாடலின் எஞ்சின் 6.9 லிட்டர், சிலிண்டருக்கு நான்கு வால்வு, மேலே இரண்டு கேம் தண்டு. நிறுவனம் அறிவித்த ஆற்றல் 265 குதிரைத்திறன். முறுக்கதிர்வைத் தணிக்க, கிராங்க் தண்டில் பாதரசம் அடைத்த குப்பிகள் பொருத்தப்பட்டன. உடற்பகுதி இல்லாத வெறும் அடிச்சட்டத்தின் விலையே 8,500 டாலர். மொத்தம் செய்யப்பட்டவை ஏறத்தாழ 480. அவற்றுள் ஒன்று இந்தியாவுக்கும் உரியது: இந்தூர் மன்னர் இரண்டாம் யஷ்வந்த் ராவ் ஹோல்கருக்காக, மிகையூட்டி பொருத்திய அடிச்சட்டத்தின்மேல், லண்டனின் கர்னி நட்டிங் பட்டறை உடற்பகுதி கட்டிக் கொடுத்தது. உலகத்தில் விலைக்குக் கிடைத்த எந்த எஞ்சினையும் வாங்க வல்ல ஒருவர் தேர்ந்தெடுத்தது, எட்டு சிலிண்டரைத்தான்.

*

1930 ஜனவரியில் நியூயார்க்கில் காடிலாக் தனது வி-16ஐத் திறந்துகாட்டியது. பங்குச் சந்தை சரிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. வடிவமைத்தவர் ஓவன் நாக்கர். கொள்ளளவு 7.4 லிட்டர், ஆற்றல் 165 குதிரைத்திறன். 45 பாகையில் சாய்ந்த இரண்டு நேர்வரிசை எட்டுகள் ஒரே கிராங்க் தண்டைப் பகிர்ந்துகொண்டன. வால்வுகளின் தட்டல் கேட்காதிருக்க எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் அமைப்பு இருந்தது. குழாய்களும் கம்பிகளும் கண்ணில் படாமல் மறைக்கப்பட்டன, மூடிகள் மெருகேற்றப்பட்டன. எஞ்சின், உறுப்பு என்ற நிலையிலிருந்து காட்சிப்பொருள் என்ற நிலைக்கு வந்தது அப்போதுதான்.

அதன் மென்மை பொய்யன்று. ஓட்டியவர்கள் அதை மெச்சினர். ஆனால் கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதைவிடச் சிறிய கொள்ளளவு கொண்ட டூசன்பெர்க்கின் எட்டு சிலிண்டர், அறிவிக்கப்பட்ட ஆற்றலில் வி-16ஐவிட 100 குதிரைத்திறன் மிகுதி. பதினாறு என்ற எண் இயக்கத்துக்குத் தந்ததைவிடப் படிநிலைக்குத் தந்தது அதிகம். அதே ஆண்டில் காடிலாக் 12 சிலிண்டரையும் வெளியிட்டது. பதினாறுக்காக வகுத்த அதே 45 பாகைக் கோணத்தில் பன்னிரண்டும் அமைந்தது. பன்னிரண்டுக்குச் சீரான உந்து வேண்டுமெனில் 60 பாகை தேவை என்பது பொறியாளர் அறிந்ததே. எட்டு, பன்னிரண்டு, பதினாறு என்று விலைப்பட்டியலில் படிகள் வகுக்கப்பட்டன. படிக்கு ஏற்ப எஞ்சின் செதுக்கப்பட்டது.

இண்டியானாபொலிசின் ஹாவர்டு மார்மன் பல ஆண்டு உழைத்து உருவாக்கிய 16 சிலிண்டர் 1931இல் வந்தது. அலுமினிய வார்ப்பு, 8 லிட்டர், 200 குதிரைத்திறன். பொறியியலில் காடிலாக்கை விஞ்சியது என்பார் உண்டு. சுமார் 390 கார்களோடு, 1933இல் நிறுவனம் முடிவுக்கு வந்தது. கிளீவ்லண்டின் பீர்லஸ் ஒரே ஒரு 16 சிலிண்டர் மாதிரியைச் செய்துவிட்டுக் கார் தொழிலையே கைவிட்டது. மதுவிலக்கு நீங்கியதும் அதன் தொழிற்சாலை பீர் வடிக்கும் ஆலையாயிற்று. காடிலாக் மட்டும், ஜெனரல் மோட்டார்ஸின் பெருநிதி பின்னிருந்ததால், பதினாறைத் தொடர்ந்தது. பெரும்பங்கு முதலிரண்டு ஆண்டுகளில் விற்றுவிட, 1930களின் நடுவில் ஆண்டுக்கு ஐம்பது அளவில்தான் விற்றது. 1940இல் நின்றபோது மொத்தம் 4,000க்குச் சற்று மேல்.

*

மீண்டும் 1932. அந்த ஓர் ஆண்டில் பேக்கார்டு, லிங்கன், பியர்ஸ்-ஆரோ, ஃபிராங்க்ளின், ஆபர்ன் எல்லாம் 12 சிலிண்டரோடு நின்றன. நாட்டில் நான்கில் ஒரு தொழிலாளிக்கு வேலை இல்லை. ஆபர்ன் தனது 12 சிலிண்டர் காரை 975 டாலருக்குத் தந்தது. எண் அரிதாக இருந்தவரை அதற்கு மதிப்பு. ஆயிரம் டாலருக்குள் பன்னிரண்டு கிடைத்தபின், பன்னிரண்டு யாரையும் உயர்த்திக் காட்டவில்லை.

அதே ஆண்டு மார்ச்சில்தான் ஃபோர்டின் 460 டாலர் எட்டு. அதன் ஆற்றல் 65 குதிரைத்திறன். லேலண்டின் 1914ஆம் ஆண்டு எட்டுக்கு இருந்தது 70. ஃபோர்டு செய்த புதுமை எண்ணில் இல்லை, வார்ப்பில் இருந்தது. முன்பெல்லாம் சிலிண்டர்த் தொகுதிகளைத் தனித்தனியே வார்த்து அடிப்பெட்டியில் பூட்டுவர். ஃபோர்டு இரண்டு வரிசையையும் அடிப்பெட்டியையும் ஒரே வார்ப்பாக்கினார். தொடக்கத்தில் பல வார்ப்புகள் பழுதாகி உடைத்துருக்கப்பட்டன, பின்பு கைகூடியது. அந்தத் தொழிற்சாலையில் அளவுகளுக்கு ஆதாரமாக இருந்தவை ஸ்வீடனின் யோஹான்சன் உருவாக்கிய அளவைக் கட்டைகள். அவற்றை அமெரிக்கத் தொழிலுக்குள் முதலில் கொண்டுவந்தவர்களுள் லேலண்டு ஒருவர். 1923முதல் யோஹான்சன் ஃபோர்டு நிறுவனத்தில் பணிபுரிந்தார். நிறுவனத்தை இழந்த முதியவரின் முறைமை, இழக்கச் செய்தவரின் தொழிற்கூடத்தில் வேரூன்றி, அவர் எண்ணியும் பாராத அளவுக்குப் பரவிவிட்டது.

லிங்கன் பெயருக்கு நேர்ந்தது வேறு. 1936இல் வந்த லிங்கன் ஸெஃபிர் காருக்கு, விலையைத் தாழ்த்தி, ஃபோர்டு வி-8இன் அமைப்பிலிருந்தே 12 சிலிண்டர் எஞ்சின் வடிக்கப்பட்டது. லிங்கன் என்றால் பன்னிரண்டு இருந்தாக வேண்டும் என்பதே காரணம். சூடேறுதலும் எண்ணெய்க் கசடும் அதைத் தொல்லைப்படுத்தின. உரிமையாளர் பலர் அதைக் கழற்றி, ஃபோர்டின் எளிய எட்டையே அதன் இடத்தில் பொருத்திக்கொண்டனர். 1948இல் அந்த வரிசை நின்றது. ஆயிரத்தில் ஓர் அங்குலத்துக்காகத் தம் தொழிலாளருடன் போராடிய மனிதர் தொடங்கிய நிறுவனத்தில், எண்ணுக்காகத் தரம் விட்டுக்கொடுக்கப்பட்டது.

*

மென்மை என்ற கேள்விக்கு இதற்குள் வேறு விடைகள் வந்துவிட்டன. 1928இல் காடிலாக் கொண்டுவந்த ஒத்தியங்கு கியர், மாற்றும் சிரமத்தைக் குறைத்தது. 1931இல் பிளிமத், எஞ்சினை ரப்பர் தாங்கிகளில் மிதக்கவிட்டு, நான்கு சிலிண்டரின் நடுக்கம் பயணியை எட்டாமல் தடுத்தது. 1941 மாடலில் காடிலாக்குக்குத் தானியங்கி கியர் வந்தது. பதினாறு தீர்க்க வேண்டியிருந்த சிக்கல்கள் ஒவ்வொன்றாக, மலிவாக, வேறிடங்களில் தீர்ந்துகொண்டிருந்தன.

1949ஆம் ஆண்டுக் காடிலாக்கின் புதிய வி-8 இந்தக் கதையை முடித்துவைக்கிறது. மேல்வால்வு, குறுகிய வீச்சு, உயர்ந்த அழுத்தம், 5.4 லிட்டரில் 160 குதிரைத்திறன். 1930இன் பதினாறு 7.4 லிட்டரில் தந்தது 165. பாதிச் சிலிண்டர்களால், ஏறத்தாழ அதே ஆற்றல். அந்த உயர் அழுத்தத்தைத் தாங்கும் பெட்ரோலை ஆய்ந்தவர்கள் கெட்டரிங்கின் குழுவினர். அவர்கள் கண்ட தீர்வு ஈயக் கலப்பு. அதன் நஞ்சு அரை நூற்றாண்டுக்கும் மேலாக உலகத்துக் குழந்தைகளின் இரத்தத்தில் சேர்ந்தது. சிலிண்டர்களைக் குறைத்ததற்கும் ஒரு விலை இருந்தது. அதைக் காரை வாங்கியவர்கள் மட்டும் செலுத்தவில்லை.

தொழில்நுட்ப வரலாற்றை ஏணியாக எழுதுவது ஆய்வாளருக்கு எளிதான பழக்கம்: ஒன்று, நான்கு, ஆறு, எட்டு, பன்னிரண்டு, பதினாறு. இந்தக் கார்கள் அந்த ஏணிக்கு அடங்குவதில்லை. எட்டிலிருந்து பன்னிரண்டு, பன்னிரண்டிலிருந்து மீண்டும் எட்டு, எட்டிலிருந்து பதினாறு, பதினாறிலிருந்து மறுபடியும் எட்டு. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு கேள்வி இருந்தது. கேள்வி மறக்கப்பட்ட இடங்களில் எண் மட்டும் மிஞ்சியது. இது கார்களுக்கு மட்டும் உரிய நோய் அன்று. கட்டுரைகளின் எண்ணிக்கையும் மேற்கோள்களின் எண்ணிக்கையும் உழைப்பின் விளைவாகத் தோன்றி, பின் உழைப்பின் சான்றாகி, இறுதியில் உழைப்பையே ஓரம்கட்டிவிடும் இடங்களைக் கல்விப்புலம் நன்கறியும். அங்கும் ஒவ்வொரு பதவி உயர்வுப் படிவத்துக்குள்ளும் ஒரு ஸெஃபிர் ஓடிக்கொண்டிருக்கிறது.

லேலண்டின் பெயர் எந்தக் காரிலும் இல்லை. அவர் தொடங்கிய இரண்டு நிறுவனங்களும், ஒரு பிரெஞ்சுக்காரரின் பெயரிலும் ஒரு குடியரசுத் தலைவரின் பெயரிலும் இன்றும் நடக்கின்றன. அவர் விட்டுச்சென்றது எட்டோ பன்னிரண்டோ அன்று. புரூக்லண்ட்ஸில் குவிந்து கிடந்த உதிரிகளில் எதை எடுத்தாலும் பொருந்தியதே, அதுதான்.